காற்புள்ளிக்குப் பிறகு

1

அந்த ஆல்பத்தின் பெயரில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. 'டியர் சயன்ஸ்,' என்பதுதான் முழுப்பெயர். கடிதத்தில் 'அன்புள்ள மாமாவுக்கு,' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு இறங்குவோமே, அந்தக் காற்புள்ளி. பெரும்பாலான பட்டியல்களில் அதை விட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். எனக்கென்னவோ அது இல்லாமல் சொன்னால் பெயரைப் பாதி சொன்னதுபோல இருக்கிறது. கூப்பிட்டாயிற்று, சொல்லவேண்டியது இன்னும் பாக்கி என்கிறது அந்தச் சின்னக் கோடு. பின்னால் வரும் பதினொரு பாடல்கள் அந்தப் பாக்கி.

டிவி ஆன் தி ரேடியோ என்ற நியூயார்க் குழுவின் ஆல்பம் இது. 2008 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவில் வெளியானது. அதற்கு எட்டு நாள் முன்புதான் லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்திருந்தது. இராக் போர் ஆறாவது ஆண்டில் இருந்தது. ஜார்ஜ் புஷ் ஆட்சியின் கடைசி மாதங்கள் அவை. ஒபாமா ஜெயிப்பதற்கு இன்னும் ஆறு வாரம்.

பெயர் வந்த கதை ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். குழுவின் கிடார் கலைஞரும் தயாரிப்பாளருமான டேவ் சிடெக், ப்ரூக்ளினில் இருந்த தன் ஸ்டே கோல்ட் ஸ்டுடியோவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். அறிவியலுக்கு எழுதிய சீட்டு. பிரச்சினைகளைத் தீர்க்கிற வழியைப் பார், நோய்களைக் குணப்படுத்து, முடியாதென்றால் வாயை மூடிக்கொள் என்பது அதன் சாரம். கடைசிப் பகுதியில் ஒரு கெட்ட வார்த்தையும் உண்டு. கோபமும் கெஞ்சலும் பாதிப்பாதி. நம் வீட்டுப் பெரியவர்கள் சாமி படத்தைப் பார்த்து, "கண்ணு இருக்கா உனக்கு?" என்று கேட்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. நம்பிக்கை இல்லாதவர் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

இப்படியொரு சீட்டிலிருந்து பெயர் எடுத்த ஆல்பம் இருண்டு, இறுகிக் கிடக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இந்தக் குழு செய்ததிலேயே அதிகம் ஆட வைக்கும் ஆல்பம் இதுதான். கைதட்டல்கள், ட்ரம்பெட், சாக்ஸபோன், துள்ளும் பேஸ் கிடார் எல்லாம் இருக்கின்றன. போரும் பொருளாதாரச் சரிவும் சாவும் பேசுகிற ஐம்பது நிமிடம் ஏன் இத்தனை ஆட்டத்தோடு வருகிறது? அந்த ஆட்டம் விஷயத்திலிருந்து தப்பிப்பதற்கா, இல்லை அதைச் சொல்வதற்கா? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

2

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். பாடகர் டூண்டே அடெபிம்பே நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அனிமேஷன் கலைஞராக வேலை பார்த்தவர். அவரும் சிடெக்கும் சேர்ந்து ப்ரூக்ளின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் தொடங்கியது இது. 2002இல் தாங்களே பதிவுசெய்து வெளியிட்ட முதல் தொகுப்புக்கு 'ஓகே கால்குலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' உலகையே மிரட்டிய காலத்தில், எங்களிடம் கால்குலேட்டர்தான் இருக்கிறது என்ற குறும்பு. பிறகு பாடகரும் கிடார் கலைஞருமான கிப் மலோன், டிரம்ஸுக்கு ஜலீல் பன்டன், பேஸ் கிடாருக்கும் கீபோர்டுக்கும் ஜெரார்ட் ஸ்மித் வந்து சேர்ந்தார்கள். ஸ்மித் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். ஐந்து பேரில் நான்கு பேர் கறுப்பினத்தவர். சிடெக் வெள்ளையர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு வரும்.

2003இல் வந்த 'யங் லயர்ஸ்' என்ற சிறு தொகுப்பிலேயே அவர்களுடைய ஒலி முடிவாகிவிட்டது. அதில் உள்ள 'ஸ்டேரிங் அட் தி சன்' பாடலை நண்பர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். இளையராஜாவைத் தவிர வேறு எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "கிரைண்டர் ஓடுற சத்தத்துல உக்காந்து யாரோ ஜெபம் பண்ற மாதிரி இருக்குங்க" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் குழுவைப் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட அந்த ஒரு வரி துல்லியமானது.

கிரைண்டர் என்பது சிடெக்கின் பங்கு. கிடாரை அவர் மெட்டு வாசிப்பதற்காக வைத்துக்கொள்வதில்லை. சாம்ப்ளரில் துண்டுதுண்டாக வெட்டிய ஒலிகள், திரும்பத் திரும்ப ஓடும் மின்தாளம், அவற்றின் மேல் கரகரவென்று ஒரே சுரத்தில் நிற்கும் கிடார். மேடையில் கிடாரின் தலைப்பகுதியில் காற்றுமணிகளைக் கட்டித் தொங்கவிட்டு வாசிப்பவர் அவர். அந்தக் கரகரப்பைத் தமிழ்க் காதுக்குச் சொல்வதென்றால், பழுதான ஸ்பீக்கரில் ஒலிக்கும் தம்பூரா. நகராது, முடியாது, எல்லாவற்றுக்கும் கீழே நிற்கும்.

ஜெபம் என்பது அடெபிம்பேயும் மலோனும். தேவாலயக் கூட்டுப்பாடலிலிருந்தும், 1950களில் தெருமுனைகளில் நின்று வாத்தியமில்லாமல் இளைஞர்கள் பாடிய டூ-வாப்பிலிருந்தும் வந்த குரல் அடுக்குகள். 'யங் லயர்ஸ்' தொகுப்பிலேயே பிக்ஸீஸ் குழுவின் ராக் பாடல் ஒன்றை வாத்தியம் எதுவுமில்லாமல் வெறும் வாயால் பாடியிருப்பார்கள். ஒரு ராக் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் நிறுத்திய மாதிரி.

2006இல் வந்த 'ரிட்டர்ன் டு குக்கி மவுண்டன்' ஆல்பத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கடுமையாக மோதிக்கொண்டன. டேவிட் போவி வந்து ஒரு பாடலில் பின்குரல் கொடுத்தார். அந்த ஆல்பத்தில் இரைச்சல் ஒரு மதில்போல நிற்கும். குரல் அதன் விரிசல் வழியாக வரும். பரிசோதனை என்றால் இதுதான் என்று அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு இரண்டு வருடம் கழித்து வந்த 'டியர் சயன்ஸ்,' ஏமாற்றம். மதில் இடிந்திருந்தது. குரல் முன்னால் வந்து நின்றது. பேஸ் தெளிவாகக் கேட்டது. "பாப் ஆகிட்டாங்கப்பா" என்பதுதான் குற்றச்சாட்டு.

3

இந்தக் குற்றச்சாட்டுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ராக் என்பது அடித்தளம். எலெக்ட்ரானிக் இசையும் சோல் இசையும் வெளியிலிருந்து கொண்டுவந்து அதில் கலந்த சரக்குகள். கலவை முரடாக இருந்தால் பரிசோதனை, சீராக இருந்தால் சமரசம். இந்தக் குழுவைப் பற்றிய மதிப்புரைகளில் 'கலப்பு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் இந்தப் படம் தலைகீழாகிவிடும். தேவாலயப் பாடல்களுக்கு மின்கிடார் வாசித்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் ஒரு கறுப்பினப் பெண். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் உலகத்துக்குப் பரவியபோது சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் அதன் நடுவில் இருந்தார்கள். மின்கருவி விஷயமும் அப்படித்தான். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் 1971இல் 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ஆல்பத்தில் டிரம்ஸ் கலைஞருக்குப் பக்கத்தில் ஒரு தாள இயந்திரத்தை உட்கார வைத்தார்கள். ஸ்டீவி வொண்டர் 1972இல் 'டோன்டோ' என்ற, ஓர் அறையையே அடைக்கும் சிந்தசைசருக்குள் புகுந்து சோல் பாடினார். டெக்னோவைப் பெற்றெடுத்தது 1980களின் டெட்ராய்ட்டில் இருந்த கறுப்பின இளைஞர்கள். ஆன்மாவும் இயந்திரமும் ரொம்ப நாளாகவே ஒரே வீட்டில் குடியிருந்தவை. ராக் அதே வீட்டில் பிறந்து வேறு விலாசத்துக்குப் போன பிள்ளை.

ஆகவே நான்கு கறுப்பினக் கலைஞர்கள் கையில் கிடாரோடு ப்ரூக்ளின் மேடை ஏறும்போது அவர்கள் எதையும் கலக்கவில்லை. பிரிந்து கிடந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 'இண்டி ராக்' என்ற சொல்லைக் கேட்டதும் 2000களில் மனதில் வந்த முகம் ஒரு வெள்ளை இளைஞனின் முகம். அந்தப் பழக்கத்துக்கு எதிரே நிற்கும்போது, கொஞ்ச காலம் இரைச்சல் ஒரு கவசமாக இருந்திருக்கலாம். 'எங்களை எந்தப் பெட்டியிலும் போட முடியாது' என்று அது சொல்லியிருக்கலாம். 'டியர் சயன்ஸ்,' ஆல்பத்தில் அந்தக் கவசத்தைக் கழற்றுகிறார்கள். கழற்றியதும் உள்ளே தெரிவது என்ன? பிரின்ஸ். மார்வின் கே. கர்டிஸ் மேஃபீல்ட். மேற்கு ஆப்பிரிக்க ஆஃப்ரோபீட் தாளம். அந்த ஆஃப்ரோபீட்டைத் தூரத்திலிருந்து கேட்டுப் போலி செய்யவில்லை. அதே நகரத்தின் ஆஃப்ரோபீட் குழுவான ஆன்டிபாலாஸைச் சேர்ந்த ஊதுகருவிக் கலைஞர்களையே கூட்டிவந்து வாசிக்க வைத்தார்கள்.

இதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைத்து வைத்ததை வெளியே எடுத்துக் காட்டுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

4

குரலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். நம் ஊர்க் கச்சேரிக் காதுக்கு 'கள்ளக்குரல்' என்றால் ஒரு குறை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தொண்டையைத் திறந்து முழுக் குரலில் தொடாமல், மெலிந்து நழுவிப் போவது. "கள்ளத் தொண்டையில பாடுறார்" என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. அந்தச் சொல்லிலேயே திருட்டு இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின இசையில் நிலைமை வேறு. கோஸ்பல் குழுக்களில் ஒரு பாடகர் திடீரென்று கள்ளக்குரலுக்குத் தாவும் கணம்தான் சபை எழுந்து நிற்கும் கணம். அங்கிருந்து அது ஸ்மோக்கி ராபின்சனுக்கும் மேஃபீல்டுக்கும் பிரின்ஸுக்கும் வந்தது. உடம்பு தாங்கமுடியாத இடத்தில் குரல் உடம்பை விட்டு மேலே போகிறது. அங்கே கள்ளக்குரல்தான் உண்மைக் குரல்.

இந்த ஆல்பத்தில் இரண்டு பாடகர்களுக்கும் அது இரண்டு விதமாக வருகிறது. முதல் பாடல் 'ஹாஃப்வே ஹோம்'. வேகமான தட்டல், கீழே தேனீக்கூட்டம்போலக் கிடார், பொருளற்ற அசைகளைப் பாடும் பின்குரல்கள். கடற்கரைக் கொண்டாட்டப் பாட்டுபோலத் தொடங்குகிறது. அதன்மேல் அடெபிம்பே அடிக்குரலில், ஏறக்குறையப் பேசுவதுபோல, யாரோ ஒருவர் கைநழுவிப் போய்க்கொண்டிருப்பதை அருகிலிருந்து பார்ப்பவரின் சொற்களைப் பாடுகிறார். சரணத்தில் ஒரு உணர்ச்சியும் காட்டமாட்டார். பல்லவிக்கு வரும்போது மட்டும் குரல் மெலிந்து உயரே போகும். அடிக்குரலில் இருப்பவர் நிலைமையைச் சமாளிப்பவர், மேல்குரலில் இருப்பவர் சமாளிக்க முடியாதவர், இரண்டும் ஒரே ஆள் என்று நான் கேட்கிறேன். கடைசி ஒரு நிமிடத்தில் கிடார்கள் வெடிக்கும். அதுவரை அடக்கி வைத்திருந்த பழைய இரைச்சல் அங்கே திரும்பி வருகிறது. மதிலாக வரவில்லை, அழுகையாக வருகிறது. இரைச்சல் குறைந்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்கள் இந்த ஒரு நிமிடத்தைத் திரும்பக் கேட்கவேண்டும். எப்போதும் இருந்த ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் கொடுத்தால் அதன் விலை எப்படி ஏறுகிறது என்பது தெரியும்.

மலோனின் வழி வேறு. அடுத்து வரும் 'க்ரையிங்' பாடலுக்கு அழுகை என்று பெயர். ஆனால் கிடார் சுத்தமாக, சின்னச்சின்னத் துள்ளலாக, முழுக்கப் பிரின்ஸ் பாணியில் வருகிறது. செய்திகளில் வரும் அழிவுகளை வரிசையாகச் சொல்லி, முதலாளிமார்களின் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, வண்டியைச் சுவரில் மோதி, தரையிலிருந்து மறுபடி கட்டலாம் என்கிறது பாட்டு. இதைக் கத்திப் பாடியிருந்தால் இன்னுமொரு கோபப் பாட்டாகப் போயிருக்கும். மலோன் கொஞ்சுகிற குரலில் பாடுகிறார். புரட்சிக்கு அழைப்பவர் காதலுக்கு அழைக்கும் குரலில் அழைத்தால் எப்படியிருக்கும்? கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ரொம்ப நம்பும்படியாகவும் இருக்கிறது.

5

ஆல்பத்தின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் 'ரெட் டிரெஸ்' பாடலைக் காட்டுவேன். மலோனே பாடுகிறார். ஆன்டிபாலாஸ்காரர்களின் ஊதுகருவிகள் கொதிக்கின்றன. தாளம் உட்கார விடாது. போரைத் திட்டிக்கொண்டு தொடங்குகிறது. உடனே திரும்பித் தன்னையே பார்க்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது, காதல் கிடைத்திருக்கிறது, என் தலைமேல் குண்டு எதுவும் விழவில்லை; அப்படியிருக்கும்போது நான் வாழ்வது உயிரைக் கொடுக்கத் தகுந்த வாழ்க்கைதானா என்று பாடுபவர் பயப்படுகிறார்.

2008இல் ஒரு அமெரிக்கக் கலைஞர் இதைப் பாடுவதன் அர்த்தம் தெளிவு. அவருடைய வரிப்பணத்தில் வேறொரு நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆனால் இந்தப் பயம் அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. காலையில் போனைத் திறந்தால் எங்கோ ஒரு ஊர் இடிந்து கிடக்கிறது. விரலால் தள்ளிவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். நானும்தான். அந்த விரல் தள்ளலுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில் தொண்டையில் ஏதோ சிக்கும். பெரும்பாலான இசை அந்தச் சிக்கலை மறக்கடிக்கும். எதிர்ப்பு இசை எனப்படுவதோ, நாம் சரியான பக்கத்தில் இருக்கிறோம் என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடும். 'ரெட் டிரெஸ்' இரண்டையும் செய்வதில்லை. பயத்தைச் சொல்லிக்கொண்டே ஆடவும் வைக்கிறது. ஆடுகிற உடம்புக்கு அந்தப் பயத்திலிருந்து விலக்கு இல்லை. பயப்படுகிற மனதுக்கும் ஆட்டத்திலிருந்து விடுமுறை இல்லை.

இப்போது 'கோல்டன் ஏஜ்' பாடலைக் கேட்டுப்பாருங்கள். ஆல்பத்திலிருந்து தனிப்பாடலாக வந்து பரவலாகப் போய்ச்சேர்ந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'ஆஃப் தி வால்' காலத்து பேஸ், தந்தி வாத்தியங்கள், கைதட்டச் சொல்லும் பல்லவி. ஒரு பொற்காலம் வரப்போகிறது என்பதுதான் பாட்டின் மொத்தச் செய்தியும். ஒபாமா ஜெயித்த வருடத்துப் பாட்டு என்று இதை ஒரு தேதிக்குள் அடைத்துவிடுவது எளிது. அந்தப் பொற்காலம் வந்ததா என்று கேட்டு ஏளனம் செய்வது அதைவிட எளிது. ஆனால் பாட்டில் தேதி இல்லை. 'க்ரையிங்'குக்கு மூன்று பாட்டு தள்ளி, 'ரெட் டிரெஸ்'ஸுக்கு இரண்டு பாட்டு முன்னால் வைத்திருக்கிறார்கள். சுவரில் மோதிய வண்டிக்கும் குண்டு விழாத தலைக்கும் நடுவில் நின்றுகொண்டு பொற்காலம் என்கிறார்கள். தெரியாமல் பாடவில்லை, தெரிந்துகொண்டேதான் பாடுகிறார்கள். நம்பிக்கை இங்கே கணிப்பு இல்லை, பயிற்சி. தினமும் எழுந்து சாதகம் பண்ணுவார்களே, அந்த மாதிரி.

அதனால்தான் ஒலியின் தெளிவு இவ்வளவு முக்கியமாகிறது. 'குக்கி மவுண்டன்' மதிலுக்குப் பின்னால் இந்தச் சொற்களைப் பாடியிருந்தால், கேட்பவருக்கு ஒரு பொதுவான இருட்டு மட்டும் கிடைத்திருக்கும். இருட்டாக இருக்கும் இசைக்கு ஒரு சலுகை உண்டு: அதிலேயே ஆழம் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்வோம். தமிழிலும் சிற்றிதழ்க் காலம் முதல் இந்தச் சலுகையைப் பார்த்திருக்கிறோம். புரியாத வரிக்கு ஒரு மரியாதை, புரியும் வரிமேல் ஒரு சந்தேகம். 'டியர் சயன்ஸ்,' அந்தச் சலுகையை வேண்டாமென்கிறது. சொல் கேட்கிறது, தாளம் கேட்கிறது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதும் கேட்கிறது. என் காதுக்கு இதுதான் கடினமான பரிசோதனை.

6

குறைகள் இல்லாமல் இல்லை. 'ஸ்டார்க் அண்ட் அவுல்' தந்தி வாத்தியங்களின்மேல் ரொம்பச் சாய்கிறது. பாட்டு சாவைப் பற்றிப் பேசும்போது வயலின்கள் அதை அலங்கரித்துவிடுகின்றன. 'லவ் டாக்' அழகான மெட்டு, ஆனால் 'ரெட் டிரெஸ்' கொதித்த கொதிப்புக்குப் பிறகு அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. 'டான்சிங் சூஸ்' பாடலில் அடெபிம்பே ராப் வேகத்தில் சொற்களைக் கொட்டி ஒரு செய்தித்தாள் பேர்வழியைக் கிண்டல் செய்கிறார். முதல் தடவை மூச்சு வாங்கும், பத்தாவது தடவை அந்தச் சாமர்த்தியம் மட்டும்தான் நிற்கும். சிடெக்குக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. மதிலை இடித்த பிறகும் கிடைத்த மூலையிலெல்லாம் ஏதாவது ஒரு ஒலியைச் செருகிவிடுகிறார். ஒரு மௌனம், ஒரே ஒரு மௌனம் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

இதையெல்லாம் மன்னிக்க வைப்பது 'ஃபேமிலி ட்ரீ'. பியானோ, எதிரொலி, அடெபிம்பேயின் கீழ்க்குரல். வம்சம் குறுக்கே நிற்கும் ஒரு காதல். குடும்ப மரத்தின் நிழலைத் தூக்குமரத்தின் நிழலாகப் பார்க்கும் ஒரு படிமம் அதில் வருகிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாடும் பாட்டில் மரமும் தூக்கும் அடுத்தடுத்து வந்தால் அது வெறும் உவமை இல்லை. கும்பல்கள் மனிதர்களை மரங்களில் தொங்கவிட்ட வரலாறு அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கிறது. பாட்டு அதை விளக்குவதில்லை. தாலாட்டுபோலப் பாடிவிட்டுப் போய்விடுகிறது. சாதியையும் குலத்தையும் காரணம் காட்டிப் பிள்ளைகளைக் கொல்லும் ஊரிலிருந்து கேட்கும்போது எனக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

7

கடைசிக்கு முந்தைய பாடல் 'டிஎல்இசட்'. இந்தக் குழுவைக் கேள்விப்படாதவர்களும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. 'பிரேக்கிங் பேட்' தொடரின் இரண்டாவது சீசனில், 2009இல் வந்த ஒரு அத்தியாயத்தின் முடிவில் இது ஒலிக்கிறது. வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் ஒரு கடையின் வாகன நிறுத்துமிடத்தில், போதைமருந்து காய்ச்ச வந்த இரண்டு பேரிடம் போய், என் எல்லைக்குள் வராதே என்று மிரட்டும் காட்சி. ஆசிரியர் வில்லனாகும் கணம். பின்னணியில் அடெபிம்பேயின் குரல் ஏறிக்கொண்டே போகிறது. ரசிகர்கள் விசில் அடித்த காட்சி அது.

காட்சி பிரமாதம். ஆனால் பாட்டை அது தலைகீழாகத் திருப்பிவிட்டது. 'டிஎல்இசட்' ஒரு குற்றப்பத்திரிகை. எல்லாம் தெரிந்தவனாகத் தன்னை நினைத்துக்கொண்டு, சாவையே பாடமாக நடத்தும் அறிவாளி ஒருவனை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கும் பாட்டு. சிடெக்கின் சீட்டில் இருந்த அந்தக் கோபம் நேராக வந்து நிற்கும் இடம் ஆல்பத்தில் இதுதான். தொடரோ, யாரைக் குற்றம் சாட்டப் பாடினார்களோ அப்படிப்பட்ட ஆளுக்கே அதைக் கிரீடமாகச் சூட்டிவிட்டது. ஏறும் குரலைக் கேட்டு நாமும் அவனோடு சேர்ந்து நெஞ்சு நிமிர்த்துகிறோம். வால்டர் வைட்டின் கதையே நுரையீரல் புற்றுநோயில்தான் தொடங்குகிறது என்பது நினைவிருக்கும். அறிவியல் அவனுக்கு வைத்தியமும் கொடுக்கிறது, விஷம் காய்ச்சும் வித்தையும் கொடுக்கிறது.

இந்த இடத்தில் ஜெரார்ட் ஸ்மித்தைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. 2011இல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று குழு அறிவித்தது. அந்த ஏப்ரலில் அடுத்த ஆல்பமான 'நைன் டைப்ஸ் ஆஃப் லைட்' வெளியானது. அதற்கு அடுத்த வாரம், ஏப்ரல் 20 அன்று, அவர் இறந்துபோனார். 36 வயது.

நோயைக் குணமாக்கு, இல்லையென்றால் வாயை மூடு என்று எழுதி ஒட்டிய ஸ்டுடியோவின் சொந்தக் கலைஞர். இதை ஒரு முன்னறிவிப்பாக வாசிக்க நான் தயாராக இல்லை. அது மலிவான வேலை. மரணத்தை ஒரு கதைத் திருப்பமாக்குவது. 2008இல் அந்தச் சீட்டு யாருடைய நோயையும் குறித்து எழுதப்பட்டதில்லை, எல்லோருடைய நோயையும் குறித்து எழுதப்பட்டது. அதுதான் அதன் பலமும். ஆனால் கேட்பவர் காதுக்கு வரலாறு தெரியும். 'கோல்டன் ஏஜ்' தொடங்கி அந்த பேஸ் துள்ளி எழும்போது எனக்கு உடம்பு ஆடத்தான் செய்கிறது. கூடவே சுரங்க ரயில் நிலையத்தில் கிடாரோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் ஞாபகமும் வருகிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுவதில்லை. 'ரெட் டிரெஸ்' கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று 'ரோலிங் ஸ்டோன்' இதை முதலிடத்தில் வைத்தது. 'வில்லேஜ் வாய்ஸ்' விமர்சகர் வாக்கெடுப்பிலும் முதலிடம். பிறகு சிடெக் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். வில்லியம்ஸ்பர்க்கில் 2005இல் நிலப் பயன்பாட்டு விதிகள் மாறின. பழைய தொழிற்சாலைகள் இருந்த நதிக்கரையில் கண்ணாடி அடுக்குமாடிகள் எழுந்தன. ஐந்து பேர் குறைந்த வாடகையில் இரைச்சல் போட்டுப் பழகிய அந்த ஊர் இப்போது அந்த விலையில் கிடைக்காது. ஆல்பத்தைச் சாத்தியமாக்கிய பலதும் கலைந்துவிட்டது.

கடைசிப் பாடல் 'லவர்ஸ் டே' இருக்கிறது. ராணுவ அணிவகுப்பின் டிரம்ஸ், திருவிழா பேண்டுபோல ஊதுகருவிகள். போருக்குப் போகும் படை ஒன்று நடந்து வருகிறது என்றுதான் காது எதிர்பார்க்கும். ஆனால் மலோன் பாடுவது கலவி. ஒளிவுமறைவு இல்லாமல், கூச்சப்படாமல், சிரித்துக்கொண்டே, இரண்டு உடம்புகள் ஒன்றையொன்று மகிழ்விப்பதைப் பற்றிப் பாடுகிறார். பேண்டு பெருகிப் பெருகி, தெருவே கூடவந்து ஊதுவதுபோல ஆகிறது. ராணுவத்தின் நடையை எடுத்து முத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிவியலுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் இங்கே அறிவியலை மறந்தே விட்டது. பக்கத்தில் இருக்கும் உடம்பிடம் பேசிக்கொண்டிருக்கிறது. நோய் தீரவில்லை, போர் நிற்கவில்லை, பொற்காலமும் வந்துசேரவில்லை. ஊதுகருவிகள் நிற்கமாட்டேன் என்கின்றன. வீட்டில் யாராவது இருந்தால் ஒலியைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் முழுசாகவே வையுங்கள்.